28 கால் சிப்பும் கிணற்றடி மோட்டரும்

யாழ்ப்பாணம் கோண்டாவிலில் எங்கள் வீட்டுக் கிணற்றடியில் அரைக் குதிரைவலு மோட்டர் ஒன்று இருக்கிறது. தூண் கட்டி ஏற்றிய 1000 லீற்றர் தாங்கிக்குத் தண்ணீர் ஏற்றுவது அதன் வேலை. தாங்கி நிரம்பி மதில் ஓரம் ஊற்றுகிற சத்தம் கேட்ட பிறகுதான் யாராவது ஓடிப்போய் நிறுத்துவோம். இதற்கு ஒரு முடிவு கட்டலாம் என்று ஆர்டுயினோ யூனோ என்ற சின்னக் கணினிப் போர்ட்டின் மலிவுப் பிரதி ஒன்றையும், சிறு கரண்டால் பெரிய கரண்டைப் போட்டு நிறுத்தும் ஒரு ரிலேயையும், இரண்டு மிதவைச் சுவிட்சுகளையும் வாங்கினேன். கீழ் மிதவை இறங்கினால் மோட்டர் ஓட வேண்டும், மேல் மிதவை ஏறினால் நிற்க வேண்டும். மேசையில் மூன்று நாள் ஓடவிட்டுப் பார்த்தேன், ஒரு பிழையும் இல்லை. கிணற்றடியில் மாட்டிய அன்றே வில்லங்கம் தொடங்கியது. தாங்கி நிரம்பும், ரிலே விடும், மோட்டர் நிற்கும், அதே கணத்தில் போர்ட் தன்னைத்தானே மறுபடி தொடங்கிக்கொள்ளும். தண்ணீர் விழுவது நின்றதும் அலை அடங்கி மிதவை ஒரு விரற்கடை இறங்கும். எல்லாவற்றையும் மறந்துவிட்டு எழும்பிய நிரல், தாங்கி இன்னும் நிரம்பவில்லை என்று எண்ணி மோட்டரைத் திரும்பப் போடும். டக், டக் என்று இரவு முழுக்க இதே கூத்து.

இரண்டு கிழமை நிரலையே நோண்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் ரேடியோ, ரி.வி. திருத்தும் அண்ணை ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் ஆர்டுயினோவைக் கையால் தொட்டவர்கூட இல்லை. பெட்டியைத் திறந்து வயர்களை மட்டும் பார்த்துவிட்டு, "தம்பி, புரோகிராமை விடும். கரண்டைப் பாரும்" என்றார்.

வீட்டில் நாமே செய்யும் போர்ட்டை, நிரலைத் தனக்குள்ளேயே வைத்து ஓட்டும் நுண்கட்டுப்படுத்திச் சிப்பைக் கொண்ட போர்ட்டைப் பற்றி எழுதப் புறப்பட்டால் அந்த ஒரு வரியில்தான் வந்து நிற்க வேண்டியிருக்கிறது. சிப்புக்கு வேண்டியது மிகக் கொஞ்சம். போர்ட்டில் மிச்சமெல்லாம் கரண்டைக் குழப்பமில்லாமல் வைத்திருக்கிற வேலை. கடையில் வாங்கும் போர்ட்டில் யாரோ அந்த வேலையை நமக்காகச் செய்து மூடி வைத்திருக்கிறார்கள், அதனால் அது நம் கண்ணில் படுவதில்லை. தன் கையால் ஒன்று செய்தவனுக்குத்தான் அது தெரியவரும், அதுவும் முதல் போர்ட் சொதப்பிய பிறகு.

காசு மிச்சம் பிடிக்க வீட்டில் செய்யலாம் என்று யாரும் சொன்னால் நம்ப வேண்டாம். சிப், சொக்கெட், கடிகாரத் துடிப்புத் தரும் பளிங்கு, கப்பாசிட்டர் எல்லாம் தனித்தனியாகக் கொழும்பு முதலாம் குறுக்குத் தெருவிலிருந்து எடுப்பித்தால், சீனாவில் ஆயிரக்கணக்கில் அடித்துத் தள்ளும் ஆர்டுயினோ நானோ போர்ட்டின் பிரதி ஒன்றை விட விலை கூடத்தான் போகும். 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 350ஐத் தாண்டி ஏறியபோது இரண்டுமே எட்டாமல் போனது வேறு கதை. செய்வதற்குக் காரணம் வேறு. கிணற்றடியில் ஆண்டுக்கணக்காக ஓட வேண்டிய ஒரு சாமான் மேசையில் படிப்பதற்காகச் செய்த போர்ட்டில் இருக்கத் தேவையில்லை. வயர்கள் குத்தி நிற்கும் அதன் துளைகளே வாடைக்காற்றின் ஈரத்தில் முதலில் கெடும்.

சரி, யூனோவைக் கழற்றிப் பார்ப்போம். நடுவில் நீளமாகப் படுத்திருப்பது அட்மெகா328பி. 8 பிட் சிப். நிரலுக்கு 32 கிலோபைட், ஓடும்போது கணக்குப் போட 2 கிலோபைட், கரண்ட் போனாலும் மறக்காத நினைவு 1 கிலோபைட். அதற்கு மேல் ஒன்றுமில்லை. யூஎஸ்பி வாய்க்குப் பக்கத்தில் இருக்கும் இன்னொரு சிப், கணினியோடு பேசுவதற்கு மட்டும். மலிவுப் பிரதிகளில் அது பெரும்பாலும் சிஎச்340. நிரலை ஏற்றி முடித்த பிறகு அதற்கு வேலை இல்லை. 12 வோல்ட்டை 5 வோல்ட்டாக்கும் ஒழுங்காக்கி ஒன்று, நாலைந்து எல்ஈடி, ஒரு பொத்தான். இவற்றைக் கழித்துவிட்டால் மிஞ்சுவது 28 காலும் அவற்றைச் சுற்றிக் கைவிரலில் எண்ணக்கூடிய சில்லறைச் சாமான்களும்.

சாமான்களின் பெயரில் இங்கே ஒரு சின்னச் சிக்கல் உண்டு. பள்ளிக்கூடப் புத்தகத்தில் தடையி, கொள்ளளவி, திரான்சிற்றர் என்று படிக்கிறோம். கடையில் போய்த் தடையி தாருங்கள் என்றால் சிரிப்பார்கள். ரெசிஸ்டர், கப்பாசிட்டர் என்று கேட்க வேண்டும். 2013இல் உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு வந்த பிறகு செயற்றிட்டத்துக்குச் சாமான் வாங்க வரும் பிள்ளைகள் இரண்டு பாஷையும் கலந்து கேட்கிறார்கள். நானும் இங்கே அப்படித்தான் எழுதுகிறேன்.

அந்தச் சில்லறைச் சாமான்களைக் கால் எண்ணோடு பார்த்துவிடலாம். 7ஆம் காலுக்கு 5 வோல்ட், 8ஆம் காலுக்குத் தரை. எதிர்ப்பக்கம் 20க்கும் 5 வோல்ட், 22க்கும் தரை. 20ஆம் கால், கூடிக் குறையும் வோல்ட்டை அளக்கும் அனலொக் பகுதிக்கானது. அனலொக் வேண்டாம் என்றாலும் அதை வெறுமையாக விடக்கூடாது. முதலாம் கால் ரீசெட், சிப்பை மறுபடி தொடங்க வைப்பது. அதை 10 கிலோ ஓம் ரெசிஸ்டரால் 5 வோல்ட்டுக்கு இழுத்துக் கட்ட வேண்டும். கட்டாமல் விட்டால் பக்கத்தில் ஒரு ரிலே அசைந்தாலே சிப் திடுக்கிட்டு எழும்பும். 9, 10 கால்களுக்கிடையே 16 மெகாஹெர்ட்ஸ் பளிங்கு, அதன் இரு பக்கமும் தரைக்கு 22 பிக்கோஃபரட் கப்பாசிட்டர். அப்புறம் 7க்கும் 8க்கும் நடுவில் ஒன்று, 20க்கும் 22க்கும் நடுவில் ஒன்று என 100 நனோஃபரட் கப்பாசிட்டர் இரண்டு. இவ்வளவுதான்.

பளிங்கையும் விட்டுவிடலாம். சிப்புக்குள்ளேயே 8 மெகாஹெர்ட்ஸ் கடிகாரம் ஒன்று இருக்கிறது. புதுச் சிப் தொழிற்சாலையிலிருந்து வரும்போது அதை எட்டால் வகுத்து 1 மெகாஹெர்ட்ஸில் ஓடும்படி வைத்திருப்பார்கள். நேரம் சுத்தமாக வேண்டிய வேலைக்கும், தொடர்ச் செய்தி அனுப்பும் வேலைக்கும் உள்கடிகாரம் போதாது, அது நூற்றுக்கு 10 வரை பிசகலாம். தாங்கி நிரம்பிவிட்டதா என்று பார்க்க அந்தப் பிசகு ஒரு பொருட்டா?

வெறும் சிப்பில் நிரல் ஏற்றும் வழிதான் புதியவர்களை மருட்டும். யூனோவில் இருக்கும் சிப்புக்குள் பூட்லோடர் என்ற சிறு நிரல் முன்கூட்டியே உட்கார்ந்திருக்கிறது, அதுதான் யூஎஸ்பி வழி வருவதை வாங்கி எழுதுகிறது. கடையில் தனியாக வாங்கும் சிப்பில் அது இருக்காது. ஏற்கெனவே வைத்திருக்கும் யூனோவையே எழுதுகோலாக்கி, ஆறு வயர் இழுத்து, புதுச் சிப்பில் நேரடியாக எழுதலாம். அந்த நேரத்தில் ஃபியூஸ் பிட் எனப்படும் சில அமைப்புகளையும் எழுதுவோம், கவனம் வேண்டியது அங்கேதான். பளிங்கு பூட்டாத சிப்புக்குப் பளிங்கு இருக்கிறது என்று எழுதிவிட்டால் அது மூச்சுப்பேச்சில்லாமல் கிடக்கும். நான் இரண்டு சிப்பைச் செத்துவிட்டது என்று டப்பாவில் போட்டு வைத்திருந்தேன். ஒரு வருடம் கழித்துப் பளிங்கைப் பூட்டிப் பார்த்தபோது இரண்டுமே எழும்பின.

இந்தச் சிப் நம் கைக்கு வந்த வழியையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். 1980இல் இன்டெல் 8051 என்ற நுண்கட்டுப்படுத்தியைக் கொண்டுவந்தது. அந்தக் காலத்துச் சிப்புகளில் நிரலைத் திருத்தி எழுத வேண்டுமானால், முதுகில் கண்ணாடி யன்னல் வைத்த விலை கூடிய வகையை வாங்கி, புறஊதா விளக்கின் கீழ் பல நிமிடம் வைத்து அழித்துவிட்டுத் தொடங்க வேண்டும். ஒரு அரைப்புள்ளி பிழைத்தாலும் திரும்ப விளக்குக்குப் போக வேண்டியதுதான். 1993இல் மைக்ரோசிப் நிறுவனத்தின் பிஐசி16சி84 வந்தது. கரண்டாலேயே அழித்து கரண்டாலேயே எழுதலாம். வீட்டு மேசையில் நுண்கட்டுப்படுத்தியோடு விளையாடலாம் என்ற நிலைமை அதோடு பிறந்தது என்று சொல்லலாம். நோர்வேயின் துரொன்ட்ஹெய்ம் நகரில் இரண்டு மாணவர்கள் வரைந்த வடிவத்தை வைத்து அட்மெல் நிறுவனம் ஏவிஆர் சிப்புகளை 90களின் நடுப்பகுதிக்குப் பிறகு விற்கத் தொடங்கியது. அட்மெகா328 அந்தக் குடும்பத்துப் பிள்ளை. 2016இல் மைக்ரோசிப் அட்மெலையே வாங்கிவிட்டதால் போட்டிக்காரர் இருவரும் இப்போது ஒரே வீட்டில். 2005இல் இத்தாலியின் இவ்ரேயா ஊரில் வடிவமைப்பு மாணவர்களுக்காக ஆர்டுயினோ தொடங்கியபோது எடுத்துக்கொண்டதும் ஏவிஆரைத்தான். பெயர் அந்த ஊர் மதுக்கடை ஒன்றின் பெயர். கடைக்கோ பழைய அரசன் ஒருவனின் பெயர்.

அங்கே சிப்பைக் கரண்டால் அழித்து எழுதலாம் என்று வந்த 1993இல் இங்கே நிலைமை என்ன? யாழ் குடாநாட்டில் கரண்டே இல்லை. போர்க்காலப் பொருளாதாரத் தடையில் டோர்ச் லைட் பற்றரிகூட உள்ளே வராத காலம். செய்தி கேட்க வேண்டுமானால் சைக்கிளைக் கவிழ்த்துப் பின் சில்லைக் கையால் சுற்றுவார்கள். டைனமோவிலிருந்து வயர் ரேடியோவுக்குப் போகும். ஒருவர் சுற்ற நாலு பேர் காதைக் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். இதை நினைவுகூரும்போது எல்லோரும் சுற்றியவரைப் பற்றித்தான் சொல்வார்கள். எனக்கு வியப்பு நடுவில் இருந்த சாமான்களில். டைனமோ தருவது திசை மாறி மாறி ஓடும் ஆடலோட்டம், வேகம் கூடினால் வோல்ட்டும் கூடும். ரேடியோவுக்கு வேண்டியது நிதானமான நேரோட்டம். ஆகவே கரண்டை ஒரு திசையில் மட்டும் விடும் டயோட்டும் ஒரு பெரிய கப்பாசிட்டரும் இருந்தால்தான் அது ஒழுங்காகப் பாடும். பழைய செட்டுகளிலிருந்து கழற்றிய அந்த இரண்டு சாமான்களும் செய்த வேலையும் இன்று நான் சிப்புக்குப் பக்கத்தில் வைக்கிற கப்பாசிட்டரின் வேலையும் ஒரே இனம். கரண்டைப் பாரும் என்று சொன்ன அண்ணை அந்தக் காலத்தில் தொழில் பழகியவர். அவருக்கு அது முதலில் கண்ணில் பட்டதில் அதிசயம் ஒன்றுமில்லை.

100 நனோஃபரட் கப்பாசிட்டரை ஏன் சிப்பின் காலோடு ஒட்டி வைக்கச் சொல்கிறார்கள்? நம் வீட்டுக் குசினியை நினைத்துக்கொள்ளுங்கள். சோறு கொதிக்கும்போது ஒரு செம்புத் தண்ணீர் வேண்டும் என்றால் யாரும் கிணற்றடிக்கு ஓடுவதில்லை. அடுப்படியில் குடம் இருக்கும், அதிலிருந்து அள்ளுவோம், குடத்தைப் பிறகு ஆறுதலாக நிரப்புவோம். சிப் ஒவ்வொரு கடிகாரத் துடிப்பிலும் சில நனோ செக்கனுக்கு மட்டும் திடீரென்று கரண்ட் கேட்கும். சார்ஜரிலிருந்து வரும் வயர் எவ்வளவு தடிப்பாக இருந்தாலும் அவ்வளவு வேகத்துக்கு ஈடுகொடுக்காது. ஒரு சென்ரிமீற்றர் வயரே கிட்டத்தட்ட 10 நனோஹென்றி தூண்டல் உடையது, திடீர் மாற்றத்தை அது முரண்டு பிடித்துத் தடுக்கும். அந்த நேரத்தில் கொடுப்பதற்குக் காலடியில் ஒரு செம்பு வேண்டும். 100 நனோஃபரட் அதுதான். பக்கத்தில் ஒரு 100 மைக்ரோஃபரட் எலக்ட்ரோலைட்டிக்கை வைத்தால் அது குடம். குடம் இருக்கிறதே என்று செம்பை விடக்கூடாது, பெரிய கப்பாசிட்டர் அவ்வளவு விரைவாக ஊற்றாது. செம்பைக் கொண்டுபோய் வாசற்படியில் வைப்பதிலும் பலனில்லை.

நான் டொட் போர்ட் என்ற துளைப் பலகையில் கட்டிய முதல் போர்ட்டில் செய்தது அதைத்தான். கப்பாசிட்டர் இரண்டையும் அழகுக்காக ஓரத்தில் வரிசையாக வைத்தேன். சிப்பிலிருந்து நாலு சென்ரிமீற்றர். ரிலேயின் தரை வயரும் சிப்பின் தரையும் ஒரே மெல்லிய வயரில் போயின. வாங்கிய யூனோவை விடவும் மோசமாக அது ரீசெட் ஆனது.

ஆனால் வெறும் சிப்பில் யூனோவில் கிடைக்காத ஒரு வசதி உண்டு. எம்சியூஎஸ்ஆர் என்று ஒரு பதிவேடு சிப்புக்குள் இருக்கிறது. கடைசியாக ஏன் ரீசெட் ஆனாய் என்று கேட்டால் சொல்லும்: கரண்ட் புதிதாக வந்ததாலா, ரீசெட் காலை யாரோ இழுத்ததாலா, வோல்ட் விழுந்ததாலா, நிரல் உறைந்தால் எழுப்பும் காவல் கடிகாரம் உதைத்ததாலா. யூனோவின் பூட்லோடர் நம் நிரல் தொடங்கும் முன்பே அதைப் படித்துத் துடைத்துவிடுகிறது. பூட்லோடர் இல்லாத சிப்பில் அது அப்படியே நமக்குக் கிடைக்கும். ஒவ்வொரு தடவையும் காரணத்தை மறக்காத நினைவில் எழுதி வைக்கச் சொன்னேன். அடுத்த நாள் காலை எடுத்துப் பார்த்தால் வோல்ட் விழுந்தது, வோல்ட் விழுந்தது, வோல்ட் விழுந்தது. இரண்டு கிழமை நான் நோண்டிய நிரலில் பிழையே இருக்கவில்லை.

வோல்ட் விழுவதைச் சிப் கவனிப்பதும் நாம் சொன்னால்தான். புதுச் சிப்பில் அந்தக் காவல் அணைந்திருக்கும். 1.8, 2.7, 4.3 வோல்ட் என்று மூன்று எல்லைகளில் ஒன்றை ஃபியூஸ் பிட்டில் எழுதலாம். யூனோவில் வைத்திருப்பது 2.7. அந்தச் சிப் 16 மெகாஹெர்ட்ஸில் ஓட வேண்டுமானால் ஏறத்தாழ 3.8 வோல்ட்டாவது வேண்டும் என்கிறது தயாரிப்பாளரின் தரவுத்தாள். அப்படியானால் 3.8க்கும் 2.7க்கும் நடுவில் விழுந்தால்? சிப் நிற்காது, ஆனால் என்ன செய்யும் என்றும் உறுதி சொல்ல முடியாது. குடித்தவன் சைக்கிள் ஓட்டுகிற மாதிரித்தான். எழுதக்கூடாத இடத்தில் எழுதும், போடக்கூடாத ரிலேயைப் போடும். 8 மெகாஹெர்ட்ஸ் உள்கடிகாரத்தில் ஓடினால் 2.7 வோல்ட்டிலும் தெளிவாகவே இருக்கும். மெதுவாக ஓடுவதற்கு இப்படியும் ஒரு நன்மை உண்டு. நான் இப்போது 8 மெகாஹெர்ட்ஸும் 4.3 வோல்ட் காவலும் வைக்கிறேன். கொஞ்சம் அளவுக்கு மீறிய கவனம்தான், ஒத்துக்கொள்கிறேன்.

வோல்ட் ஏன் விழுந்தது? 5 வோல்ட் ரிலே ஒன்றின் சுருள் ஏறத்தாழ 70 ஓம், எனவே 70 மில்லியாம்பியர் இழுக்கும். சிப்பின் ஒரு காலால் உச்சமாக 40 தான் முடியும், அதுவும் உடம்புக்கு நல்லதில்லை, 20க்குள் நிறுத்துவதே சரி. ஆகவே நடுவில் ஒரு ரான்சிஸ்டர் வேண்டும். பிசி547 போதும், அடிக்காலுக்கு 1 கிலோ ஓம். சுருளில் ஓடிக்கொண்டிருக்கும் கரண்டைத் திடீரென்று அறுத்தால் அது எதிர்ப்புறமாக உதைக்கும். அந்த உதையை வாங்க 1என்4007 டயோட் ஒன்றைச் சுருளுக்குக் குறுக்கே தலைகீழாகப் போட வேண்டும். டயோட்டை வாங்கக்கூடத் தேவையில்லை. எரிந்துபோன சீஎஃப்எல் குமிழைத் திறந்தால் பெரும்பாலும் நாலு இருக்கும். திறக்கும்போது கண்ணாடிக் குழாய் உடையாமல் பார்த்துக்கொள்ளுங்கள், உள்ளே பாதரசம்.

டயோட் சுருளின் உதையை மட்டும்தான் வாங்கும். மோட்டரும் ஒரு சுருள்தான், நம்முடையதை விடப் பெரிய சுருள். ரிலேயின் தொடுமுனை அதை அறுக்கும்போது சின்னதாகப் பொறி பறக்கும். அந்தப் பொறி ஒரு குட்டி வானொலி நிலையம் மாதிரி, பக்கத்தில் இருக்கும் எல்லா வயரிலும் ஏறும். எங்கள் போர்ட்டில் அது ஏறியது ரிலேயும் சிப்பும் பங்கு போட்ட அந்த மெல்லிய தரை வயரில். பிறகு செய்தவை சில. தொடுமுனைக்குக் குறுக்கே 100 ஓம் ரெசிஸ்டரும் 0.1 மைக்ரோஃபரட் கப்பாசிட்டரும் தொடராகப் போட்டேன். அந்தக் கப்பாசிட்டர் மெயின்ஸுக்கென்றே செய்த எக்ஸ்2 வகையாக இருக்க வேண்டும், சாதாரணமானது வெடிக்கும். ரிலேக்குத் தனிச் சார்ஜர். இரண்டு தரையும் சந்திப்பது ஒரே ஒரு புள்ளியில். செம்பு என்று சொன்ன 100 நனோஃபரட் கப்பாசிட்டர் இரண்டும் சிப்பின் காலடிக்கு வந்தன. அதன் பிறகு ரீசெட் நின்றுவிட்டது.

230 வோல்ட் பக்கத்தைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். அதை வீட்டில் கீறிய போர்ட்டில் கொண்டுவராதீர்கள். சிப்பின் பக்கத்தோடு வயரால் அல்லாமல் ஒளியால் இணையும் ஒளியிணைப்பு வைத்த ரிலே மொடியூலைத் தனியாக வாங்கி, தனிப் பெட்டியில், ஃபியூஸோடு வையுங்கள். கிணற்றடியில் கால் எப்போதும் ஈரம்.

5 வோல்ட்டை எங்கிருந்து எடுப்பது என்பதில் பழைய ஆட்கள் 7805 என்ற ஒழுங்காக்கியைக் கைவிட மாட்டார்கள். எனக்கு அதில் பற்று இல்லை. 12 வோல்ட்டில் 150 மில்லியாம்பியர் எடுத்தால் 7 வோல்ட்டும் வெறும் சூடாகப் போகிறது, ஏறத்தாழ 1 வாட். சூடுதணிப்பான் பூட்டாவிட்டால் சூழலை விட 60 பாகை ஏறும். வைகாசி வெயிலில் மூடிய பெட்டிக்குள் அதன் பாடு என்ன? நல்ல போன் சார்ஜர் ஒன்று போதும், அதனோடு தடித்த வயர். மலிவு யூஎஸ்பி வயரின் செம்பு தலைமயிரை விடச் சற்றுத்தான் தடிப்பு, போகும் வழியிலேயே அரை வோல்ட்டைத் தின்றுவிடும்.

டொட் போர்ட்டில் கட்டிப் பார்த்துச் சரி வந்த பிறகு சொந்தமாக ஒரு போர்ட் கீறும் ஆசை எல்லோருக்கும் வரும். கீறுவதற்குக் கைகேட் என்ற மென்பொருள் போதும், காசு இல்லை. வீட்டு முறையில் தடத்தை ஒரு மில்லிமீற்றருக்குக் குறையாமல் கீறுங்கள். அதைக் கண்ணாடிப் பிரதிபலிப்பாக லேசரில் அச்செடுத்து, வழுவழுத்த சஞ்சிகைத் தாளில் என்றால் இன்னும் நல்லது, செப்புப் பலகையில் கவிழ்த்து அயர்ன் பெட்டியால் அழுத்த வேண்டும். லேசர் அச்சின் மை உண்மையில் பிளாஸ்டிக் தூள். அது உருகிச் செம்பில் ஒட்டும். மை ஒட்டாத செம்பை ஃபெரிக் குளோரைட் தின்றுவிடும். போட்டோகொப்பிக் கடைக்காரர் தன் மிஷினுக்குள் சஞ்சிகைத் தாளை விட முதலில் சம்மதிக்க மாட்டார், அதற்குத் தனியாகக் கெஞ்ச வேண்டும். இங்க்ஜெட் அச்சு இதற்கு உதவாது.

தின்று முடித்த கரைசலை என்ன செய்வது? காணொளிகளில் இதைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு, யாழ்ப்பாணத்தில் பேசியே ஆக வேண்டும். நமக்குக் கீழே இருப்பது சுண்ணாம்புக் கல். வெடிப்பும் பொந்துமாக இருக்கும் அந்தக் கல்லுக்குள் தேங்கும் மழைநீரைத்தான் எல்லாக் கிணறும் பங்குபோடுகிறது. வளவு மூலையில் ஊற்றுவது பக்கத்து வீட்டுக் கிணற்றில் ஊற்றுவதற்கு அவ்வளவு தூரமில்லை. செம்பு கரைந்த அந்தத் தண்ணீர் மீனுக்கும் பயிருக்கும் நஞ்சு. கரைசலை மூடியுள்ள பிளாஸ்டிக் போத்தலில் வைத்துத் திரும்பத் திரும்பப் பாவிக்கலாம், ஒரு போத்தல் பல போர்ட்டுக்குக் காணும். வீரியம் போன பிறகு என் போத்தல்கள் அலமாரியின் அடித்தட்டில் பெயர் எழுதி நிற்கின்றன. நல்ல வழி என்று சொல்ல மாட்டேன், ஊற்றாமல் இருக்கிறேன். இந்தத் தொல்லைக்காகவே இப்போது போர்ட் கீறிய ஃபைலைச் சீனாவுக்கு அனுப்பி அடித்து எடுப்பிப்பவர்கள் கூடிவிட்டார்கள். கை அளவுப் போர்ட் ஐந்துக்கு அடிப்பதற்கான காசு சொற்பம், தபால்தான் பிந்தும்.

கிணற்றுத் தண்ணீரின் அதே சுண்ணாம்பு இன்னொரு இடத்திலும் குறுக்கே வரும். மிதவைக்குப் பதிலாகத் தாங்கிக்குள் இரண்டு கம்பியைத் தொங்கவிட்டு, தண்ணீர் தொட்டால் கரண்ட் பாயும் என்று பலர் செய்கிறார்கள். மேசையில் நன்றாக வேலை செய்யும். தாங்கியில் சில மாதத்துக்குள் ஒரு கம்பி அரித்துக் கரையும், மற்றதில் வெள்ளைப் பொருக்குப் படியும். நேரோட்டம் விடாமல் பாய்வதன் விளைவு அது, மின்பகுப்பு என்று பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். அளக்கிற அந்தக் கணத்துக்கு மட்டும் கரண்ட் கொடுத்து, அடுத்த தடவை திசையை மாற்றிக் கொடுத்தால் ஆயுள் கூடும். மிதவைச் சுவிட்சில் இந்தப் பாடு இல்லை, உள்ளே காந்தமும் கண்ணாடிக்குள் அடைத்த தொடுமுனையும் மட்டும். ஆனால் தாங்கியிலிருந்து கீழே வரும் நீள வயர் ஒரு அன்ரனா. சிப்புக்குள் காலை 5 வோல்ட்டுக்கு இழுத்து வைத்திருக்கும் இழுப்புத் தடை 20 முதல் 50 கிலோ ஓம் வரை, அந்த நீளத்துக்கு அது பலவீனம். வெளியே ஒரு 4.7 கிலோ ஓமும், தரைக்கு 100 நனோஃபரட்டும் போட்டு, நிரலிலும் அரைச் செக்கன் பொறுத்துப் பார்க்கச் சொல்ல வேண்டும். ஐப்பசி இடிமின்னலுக்கு இவை எதுவும் காணாது. மேகம் கறுத்தால் கழற்றிவிடுகிறேன்.

இந்தக் காலத்தில் வைஃபையோடு வரும் இஎஸ்பி32 சிப்பை விட்டுவிட்டு யாராவது 8 பிட் சிப்பில் போர்ட் கட்டுவார்களா என்று கேட்பீர்கள். வைஃபை வேண்டுமென்றால் அதுதான் வழி, மறுக்கவில்லை. ஆனால் அங்கே வீட்டில் கட்டுவது என்பதன் பொருள் வேறு. அலைவாங்கியோடு தகர மூடி போட்டு வரும் மொடியூலை அப்படியே வாங்கிப் பற்றவைக்கிறோம், உள்ளே இருப்பதைத் தொடுவதில்லை. 2021இல் வந்த ராஸ்பெரி பையின் ஆர்பி2040 சிப்புக்குக் கால்களே வெளியே நீட்டிக்கொண்டிருப்பதில்லை. 56 தொடுமுனை, எல்லாம் வயிற்றுப்பக்கம். நிரலை வைக்க வெளியே இன்னொரு சிப்பும் வேண்டும். சாதாரண பற்றுக்கோலோடு உட்கார்ந்து அதைப் பழக முடியாது. அட்மெகா328இன் கால்களுக்கு நடுவே 2.54 மில்லிமீற்றர் இடைவெளி, வயது போன கண்ணுக்கும் தெரியும். சொக்கெட்டில் குத்தலாம், கருகினால் பிடுங்கிவிட்டு இன்னொன்றைக் குத்தலாம். இரண்டாவது போர்ட்டுக்கு எதை எடுத்தாலும் முதலாவதுக்கு இதுதான் என் தேர்வு. வைஃபை சிப்புகள் செய்தி அனுப்பும் கணத்தில் கேட்கும் கரண்ட் நூற்றுக்கணக்கான மில்லியாம்பியர். சின்னச் சிப்பில் செம்பும் குடமும் பழகாதவன் அங்கே போய் ஏன் ரீசெட் ஆகிறது என்று என்னைப்போல இரண்டு கிழமை நிரலை நோண்டுவான்.

கிணற்றடிப் போர்ட் இப்போது ஒரு மழைக்காலத்தைக் கடந்துவிட்டது. செப்புப் பக்கத்துக்கு நெயில் பொலிஷ் இரண்டு பூச்சு அடித்தேன், தங்கச்சியின் போத்தல்தான், இன்னும் வாங்கிக் கொடுக்கவில்லை. மறக்காத நினைவை மாதம் ஒருமுறை எடுத்துப் பார்க்கிறேன். போன மாதம் எழுதியிருந்தது எல்லாம் கரண்ட் போய் வந்த கணக்கு மட்டும், வோல்ட் விழுந்த கணக்கு ஒன்றுமில்லை. பெட்டியைத் திறந்தபோது சார்ஜருக்குப் பக்கத்தில், சூடான மூலையில், பல்லி முட்டை இரண்டு கிடந்தன. வயர் போகும் துளை வழியாக வந்திருக்கிறது. அவை பொரித்துப் போன பிறகு அந்தத் துளையை எம்சீலால் அடைக்க வேண்டும்.